ஆமி லொறிக்கு ஒரு வளவு

எங்கள் மர்சூக் தன்னுடைய லொறியை ஸ்டார்ட் செய்தால், அக்கரைப்பற்றுச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சனம் இடி முழங்குகிறது என்று நினைத்துக் குடையை விரிக்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அக்கரைப்பற்று தூரம். எங்கள் ஒழுங்கையில் படுத்திருக்கும் பூனைகள் எழும்பி ஓடும், பள்ளிவாசல் கூரையில் இருக்கும் புறாக்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்காரும். அதுவும் லொறி ஸ்டார்ட் ஆனால். அது ஆகாமல் கிடந்த கதைதான் இந்த மனிதருடைய வாழ்க்கை வரலாறு.

மர்சூக் என் தங்கை ஸைனம்புவின் புருஷன். தொழில் தையல். கல்முனைக் கடைத்தெருவில் அவருடைய தையல் கடையைத் தெரியாத உம்மாமார் இல்லை. புதுத் தவணை தொடங்கினால் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் தைத்த வெள்ளைச் சீருடையில்தான் பள்ளிக்கூடம் போகும். சிகரெட் இல்லை, சீட்டு இல்லை, தேர்தல் காலத்தில்கூட யாருக்கும் கொடி பிடிப்பதில்லை. இப்படிப்பட்ட சுத்தமான மனிதனுக்கு அல்லாஹ் ஒரு சோதனையைக் கொடுக்காமல் விடுவானா? கொடுத்தான். நாலு சில்லும் இழுக்கும், மூக்கே இல்லாத, வெள்ளைக்காரன் காலத்துப் பெட்போட் லொறி. இராணுவம் பாவித்துப் பாவித்துக் களைத்து, இனி வேண்டாம் என்று ஏலத்தில் போட்டது.

அதை அவர் ஆசைப்பட்டுப் போய் வாங்கவில்லை. அம்பாறையில் பழைய சாமான் ஏலம் என்று கேள்விப்பட்டு, தறப்பாள் வாங்கப் போனார். அறுவடைக் காலத்தில் களத்து நெல்லை மூடுவதற்குத் தறப்பாள் தைத்துக் கொடுத்தால் நல்ல வியாபாரம். அங்கே தடிப்பான தறப்பாள் ஒன்று ஏதோ ஒரு மேட்டை மூடிக்கொண்டு கிடந்தது. அதைக் கேட்டார். தறப்பாள் தனியாக இல்லை, கீழே உள்ளதோடு சேர்த்துத்தான் என்றார்கள். கீழே என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்த்த மனிதர், ஏலம் முடியும் வரை அந்தத் தறப்பாளைக் கீழே விடவே இல்லையாம். இன்னொரு லொறியில் கட்டி இழுத்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஸைனம்பு வாசலில் நின்றாள்.

"தறப்பாள் எங்க?"

"மேல இரிக்கி."

"அப்ப இது என்ன?"

"தறப்பாளுக்குக் கீழால இரிந்த."

அன்றைக்குத் தொடங்கியது. பழைய இராணுவ லொறி வைத்திருப்பவர்களுக்கென்று தொலைபேசியில் ஒரு குழு இருக்கிறது. நாடு முழுக்க ஆள். காலையில் ஒருவர் காபரேட்டரின் படத்தை அனுப்புவார், மற்றவர்கள் எல்லோரும் பிறந்த பிள்ளையைப் பார்த்ததுபோல் மாஷா அல்லாஹ் என்றோ, பௌத்தர்களாயிருந்தால் சாது சாது என்றோ எழுதுவார்கள். மர்சூக்கும் அதில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் வெள்ளை உடுப்பைக் கழற்றிவிட்டு, பழைய சாரத்தோடு லொறிக்கு அடியில் புகுந்துவிடுவார். சோறு ஆறிப் போகும். ஸைனம்பு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்து, கடைசியில் சோற்றுக் கோப்பையை முன் சில்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள், கட்டிப்போட்ட ஆட்டுக்கு வைப்பதுபோல.

தையல்காரன் லொறி திருத்தினால் எப்படியிருக்கும்? கழுத்தில் அளவு நாடாவோடுதான் திருத்துவார். பிழையான இடத்தைச் சோக்கட்டியால் அடையாளம் போடுவார். ஆணி, வாஷர் எல்லாம் பட்டன் பெட்டிகளில் இருக்கும். ஒருதடவை பெட்டி மாறி, ஒரு மாணவனின் காற்சட்டைக்கு வாஷர் வைத்துத் தைத்துவிட்டார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். இது உண்மை: பெற்றோல் பம்புக்குள் சீலை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது, அது கிழிந்துவிட்டது. சீலைதானே, நமக்குத் தெரியாத சீலையா என்று மழைக்கோட்டு ஒன்றை வெட்டி, அளவெடுத்து, ஓரம் மடித்து அழகாகத் தைத்துப் போட்டார். பெற்றோல் அந்தச் சீலையைக் கரைத்துக் குடித்துவிட்டது. குருநாகலிலிருந்து குழுக்காரர் ஒருவர் புதுச் சவ்வு அனுப்பினார். அது வந்து சேர்ந்தபோது ஒரு நூல் அளவு சிறிது. திருப்பி அனுப்பி, வேறு வாங்கி, அதைப் பூட்டி முடிக்கும்போது பற்றரி செத்துப்போயிற்று.

இதற்கெல்லாம் மேலே கடற்காற்று. எங்கள் வீடுகளிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். கதவுப் பிணைச்சல் தொடங்கிக் கரண்டி வரைக்கும் துரு பிடிக்கிற ஊரில், மனிதர் இரும்பு மலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். முன்பக்கம் சுரண்டிப் பெயின்ட் பூசிக்கொண்டு பின்பக்கம் போவார். பின்பக்கம் முடிவதற்குள் முன்பக்கம் மறுபடி சிவந்துவிடும். ஆமிப் பச்சை பூசக் கூடாது என்று பொலிஸில் சொன்னதால் இளநீலம் பூசினார். பிள்ளைகள் ஐஸ்கிறீம் வண்டி என்று நினைத்துக் காசோடு வந்து நின்றார்கள்.

ஓடவே இல்லை என்று சொன்னால் பாவம். ஓடியிருக்கிறது. பாலமுனையில் கரையேற்ற முடியாமல் கிடந்த தோணி ஒன்றை இழுக்கக் கேட்டு வந்தார்கள். மர்சூக் உச்சி குளிர்ந்து போனார். பெற்றோலைக் குடித்துக் குடித்துப் பாதி வழி போன லொறி, நடுத்தெருவில் நின்றுவிட்டது. தோணி இழுக்கப் போன லொறியைத் தோணிக்காரர்கள் வந்து தள்ளினார்கள்.

அதில் பிழையே இல்லாத ஒன்று மேலே போட்ட கூடாரம். அந்த ஏலத் தறப்பாளை வெட்டி அவரே தைத்தது. மடிப்பு, கண், கயிறு எல்லாம் மாப்பிள்ளைச் சட்டை மாதிரி. குழுவில் எல்லோரும் அதற்காக மட்டும் அவரைப் புகழ்வார்கள். இஞ்சினைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்கு வளவு, அதாவது வீடு நிற்கும் நிலம், கிடையாது. பிறப்பது உம்மாவின் வளவில். கல்யாணம் முடித்தால் குடி போவது பெண்சாதியின் வளவுக்கு. மகளுக்குக் கல்யாணம் வந்தால் அந்த வீடும் வளவும் மகளுடைய பெயருக்குப் போய்விடும். உம்மாவும் வாப்பாவும் பின்பக்கம் ஒரு அறையோடு ஒதுங்கிக்கொள்வார்கள். பக்கத்து வளவு என்னுடையது. இரண்டும் எங்கள் உம்மா தந்தவை. நடுவில் வேலியும், ஆள் நுழைய ஒரு கடப்பும். மர்சூக் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைத்தாலும், சொந்தமாக நிழல் விழுந்து கிடக்க ஒரு முழ நிலம் இல்லாத மனிதர். ஸைனம்பு வளவில்தான் லொறி நின்றது.

அவர்களுக்கு ஒரே மகள் றிப்னா. வங்கியில் வேலை. வாயைத் திறப்பது குறைவு. அந்தக் குறையை நான் தீர்த்து வைப்பதால் குடும்பத்தில் யாரும் கவனிப்பதில்லை. அவளுக்கு அக்கரைப்பற்றிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அர்ஹம், நல்ல பிள்ளை, கணக்காளர். மாப்பிள்ளையின் உம்மா பஸ்லியா, கண்ணால் பார்த்தே தேங்காய்க்குள் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லக்கூடிய பொம்பிளை. அவளுடைய தம்பிக்குப் பழைய இரும்பு வியாபாரம்.

சம்பந்தம் பேச வந்த அன்றைக்கு எங்கள் குடி மரைக்கார் ஸைனுலாப்தீன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலில் எங்கள் குடிக்காகப் பேசுகிற பெரிய மனிதர். அவர் முன்னால் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியாது.

"அப்ப வீட்டுப் பக்கம் எப்புடி மர்சூக்?" என்று மரைக்கார் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் வாப்பாமார் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவரும் பதில் ஒன்றுண்டு. தாராளமாகச் சொல்ல வேண்டும், கை விரிய வேண்டும். மர்சூக்கும் கையை விரித்தார்.

"எங்களுக்கு ஒத்தப் புள்ள. வீடு, வளவு, வளவுல நிக்கிற அத்தனையும் புள்ளைக்குத்தான்."

அவர் மனதில் இருந்தது தென்னை, மா, கிணறு, மிஞ்சினால் நாலு கோழி. பஸ்லியா தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு யன்னலால் பார்த்தாள்.

"அந்த லொறியும்தானே மச்சான்?"

உள் அறையில் ஸைனம்புவுக்கு இருமல் வந்தது. அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும். லொறியைத் தவிர என்று சொன்னால், மகளுக்குக் கொடுக்க மனமில்லாத வாப்பா என்று மரைக்கார் முன்னால் பேராகிவிடும். மர்சூக் யன்னலால் லொறியை ஒருதடவை பார்த்தார்.

"ஓம்" என்றார்.

"நல்லம். எங்கட தம்பி ஒருக்கா வந்து பாக்கட்டும். வெட்டி ஏத்தினா வளவும் துப்பரவா இரிக்கும்."

வெட்டி ஏத்தினால்! அன்றிரவு மனிதர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் கடப்பால் என் வீட்டுக்கு வந்து, நான் துருவிக்கொண்டிருந்த தேங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மதினி, நான் தென்னமரத்தச் சொன்ன."

"தெரியும் தம்பி. ஆனா நீங்க தென்னமரமெண்டு சொல்லல்லயே."

"எல்லாரும் அப்புடித்தானே சொல்ற! உங்கட வாப்பாவும் எனக்கு அப்புடித்தான் சொன்ன. அவர்ர சைக்கிள நான் கேட்டனா?"

அது நியாயமான கேள்விதான். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் சட்டமும் தெரியும், கொஞ்சம் குறும்பும் தெரியும். இரண்டையும் கலந்து ஒரு வழி சொன்னேன்.

"வளவுல நிக்கிற அத்தனையும் எண்டுதானே சொன்னீங்க? கல்யாணத்தண்டு காவின் எழுதுற நேரம் லொறி அந்த வளவுல நிக்கல்லயெண்டா? என்ட வளவுல நிண்டா? அப்ப சொல்லும் பிழையாகல்ல, லொறியும் போகல்ல."

மனிதருடைய முகம் பெருநாள் பிறை கண்டதுபோல் ஆயிற்று. அவருடைய கேற்றால் வெளியே எடுத்து, ஒழுங்கையில் ஒரு திரும்பல் திரும்பி, என்னுடைய கேற்றால் உள்ளே விட வேண்டும். அவ்வளவுதான். ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை.

அந்த அவ்வளவுதான் நடக்கவில்லை. தேவையில்லாத நாளெல்லாம், ஊருக்குக் காட்டுவதற்காக உறுமிய லொறி, இப்போது வாய் திறக்க மறுத்தது. பற்றரி மாற்றினார். பிளக் கழுவினார். ஒருவழியாக இஞ்சின் ஓடியது. ஓடினால் கிளட்ச் ஒட்டிப் பிடித்துக்கொண்டு கியர் விழவில்லை. கடற்காற்றில் நின்று நின்று தட்டும் தட்டும் துருவில் கல்யாணம் கட்டிக்கொண்டனவாம். அதைத் தட்டிப் பிரித்தால் பின் சில்லு ஒன்று சுற்றவில்லை. அங்கே பிரேக்கும் ட்ரம்மும் கல்யாணம். "ஊட்டுல நடக்கிற கல்யாணத்த விட லொறிக்குள்ள கூடக் கல்யாணம் நடக்குது" என்று ஸைனம்பு பந்தல்காரனிடம் சொன்னாள். மர்சூக் லொறிக்கு அடியிலிருந்து, "வாய மூடுங்க" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் முன்னே கேட்டதில்லை.

காவினுக்கு முதல்நாள், சொறிக்கல்முனையிலிருந்து தங்கத்துரை தன் உழவு மெசினோடு வந்தார். வயல்காரர், அவருடைய நெல்லுக்குத் தறப்பாள் தைத்துக் கொடுத்த பழக்கம். வடக் கயிற்றைக் கட்டினார்.

"காக்கா, பின் சில்லு சுத்தாது. இழுத்தா உழவுதான் விழும்."

"விழட்டும் தங்கத்துரை. இழு!"

இழுத்தார். லொறி வளவு மணலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு நகர்ந்தது. நான் குரவை போட்டேன். முன்பக்கம் கேற்றைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்தது. மர்சூக் ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். அப்போது சுற்றாத அந்தச் சில்லு கேற்றுத் தூணுக்கு உட்பக்கம் மணலில் அச்சு வரைக்கும் புதைந்தது. கயிறு அறுந்தது. தங்கத்துரை இன்னொரு கயிறு கட்டினார், அதுவும் அறுந்தது. மூன்றாவதாக இழுத்ததில் உழவு மெசினின் முன்பக்கம்தான் மேலே எழும்பியது.

"காக்கா, இதுக்கு மேல இழுத்தா என்ட மெசினையும் நீங்கதான் திருத்தணும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

முன்பாதி மாநகர சபையின் ஒழுங்கையில். பின்பாதி றிப்னாவின் வளவில். கேற்றில் ஒரு கோழி நுழைய இடமில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வரவேண்டிய கேற்.

செய்தி போய், மரைக்கார் வந்தார். பின்னாலேயே பஸ்லியாவும் ஓட்டோவில் வந்து இறங்கினாள். மரைக்கார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு லொறியை முன்னும் பின்னும் பார்த்தார்.

"பாதி வளவுல நிக்கிது. பாதி நிக்கல்ல. இப்ப நான் இத யாருட எண்டு சொல்ற?"

"இஞ்சின் எந்தப் பாதியில?" என்றாள் பஸ்லியா.

"முன்பாதியில" என்றேன் நான்.

"அப்ப அது வெளிய போயிற்றா?" அவளுடைய குரலில் உண்மையான துக்கம் இருந்தது. இரும்பில் எடை கூடிய இடம் அதுதானே.

எல்லோரும் போன பிறகு மர்சூக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு லொறியின் பின்பக்கம் ஏறினார். நான் வேலியால் எட்டிப் பார்த்தேன். தான் தைத்த கூடாரத்தின் தையலைப் பிரிக்கப் போகிறார்.

"என்ன தம்பி செய்றீங்க?"

"நான் தறப்பாளுக்குத்தானே போன மதினி. தறப்பாளாவது மிஞ்சட்டும்."

கத்தரிக்கோலை நூலில் வைத்தார். கையால் அந்தத் தையலைத் தடவினார். பிறகு கத்தரிக்கோலை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கி, கை கழுவப் போனார். அந்த நேரம் எனக்கே பகிடி ஒன்றும் வரவில்லை.

மறுநாள் மாப்பிள்ளைக் கூட்டம் வந்தது. கேற்றில் இளநீல மலை. மாப்பிள்ளைக்கு வழி வேண்டுமே. என் கேற்றைத் திறந்தேன். அர்ஹம், அவனுடைய கூட்டாளிமார், மரைக்கார், சாப்பாட்டுச் சஹன் தட்டுகள் எல்லாம் என் வளவால் வந்து, வேலிக் கடப்பால் குனிந்து, அந்தப் பக்கம் போனார்கள். மாப்பிள்ளையின் தலைப்பாகை முள்ளில் மாட்டியது. பெண்கள் குரவை போட்டார்கள். காவின் எழுதியாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இப்படித்தான் எழுதி வைத்தேன். மர்சூக் சபை நடுவில் எழுந்து, லொறிச் சாவியை அர்ஹமின் உள்ளங்கையில் வைத்து, "மருமகன், பாதி நிண்டாலும் முழுசு நிண்டாலும் என்ட வாக்கு வாக்குத்தான்" என்றார். சபை அசையவில்லை. அர்ஹம் அந்தச் சாவியைக் கண்ணில் ஒற்றி, மாமனாரைக் கட்டிப்பிடித்து, "மாமா, இது உங்கட உசிரு, எனக்கு வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தான். மரைக்கார் கண்ணைத் துடைத்தார். பஸ்லியா தேம்பித் தேம்பி அழுதாள். பள்ளிவாசல் புறாக்கள் பந்தலுக்கு மேலே வந்து வட்டமிட்டன.

இதை எழுதி முடித்து, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி றிப்னாவிடம் கொடுத்தேன். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிப் பகுதியை வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள். வாய் திறக்காதவள் திறந்தாள்:

"பெரியம்மா, வாப்பா சாவியக் குடுத்த, அது சரி. அவர் திருப்பிக் குடுக்கல்ல. என்ன செய்றயெண்டு தெரியாம கையில வச்சிட்டு அவர்ர உம்மாவப் பாத்துட்டு நிண்ட. நான்தான் வந்து அவர்ர கையிலரிந்து எடுத்த. வளவு யாருக்கு எழுதின? எனக்கு. அப்ப அதுல நிக்கிறது யாருட? வாப்பா நினைச்ச தன்னுட எண்டு, மாமி நினைச்ச தன்ட மகன்ட எண்டு. என்னட்ட ஒராளும் கேக்கல்ல. மாமி அழுத, அதுவும் உண்மதான். இரும்பு வெட்ட வந்த அவட தம்பிய நான் திருப்பி அனுப்பிப் போட்டன், அதுக்கு. புறா ஒண்டும் வரல்ல. வாப்பா ஒவ்வொரு காலையும் வந்து என்னட்டச் சாவி கேக்கார், நானும் குடுக்கன். ஆனா கேற்றுலரிந்து அத எடுக்கிற வரைக்கும் குழுவுல புதுச் சாமான் ஒண்டும் சொல்லி எடுக்கப்படாதெண்டு சொல்லிரிக்கன். ரெண்டு மாசம் ஆயிற்று பெரியம்மா. நான் இப்பவும் வேலைக்குப் போறது உங்கட கேற்றாலதான். அத எழுதுங்க."